கோப்பில் ‘கேஸ்கேட்’ வந்தால் என்ன செய்வது? புதிய மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்தில் கேஸ்கேட் என்றால் பாறைப் படிகளில் தத்தித் தத்தி இறங்கும் சிற்றருவி. மொழிபெயர்க்க வரும் கோப்புகளில் அது தண்ணீரோடு வருவது குறைவு. வரி விளக்கத்தில் வரும், மின்தடை அறிக்கையில் வரும், இரத்தப் பரிசோதனைக் குறிப்பிலும் ஆசிரியர் பயிற்சிச் சுற்றறிக்கையிலும் மென்பொருள் பொத்தானிலும் வரும். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து எல்லா இடத்திலும் ‘நீர்வீழ்ச்சி’ என்று போட்டால், ‘வரியின் நீர்வீழ்ச்சி விளைவு’ என்று ஒரு வரி அச்சேறிவிடும். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கோப்பு திரும்பி வரும், திருத்தும் நாளுக்குக் கூலியும் கிடைக்காது. கீழே உள்ள வரிசையில் போனால் அந்த அலைச்சல் மிச்சம்.

1. வேலையை ஏற்கும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்

திருத்தக்கூடிய மூலக் கோப்பு, வாடிக்கையாளரின் சொற்பட்டியல், முன்பு வெளியான தமிழ்ப் பதிப்பு இருந்தால் அதன் ஒரு பிரதி, ஐயங்களை எழுதி அனுப்ப ஒரு கேள்வித்தாள். இந்த நான்கும் கைக்கு வராமல் தொடங்க வேண்டாம். மென்பொருள் வேலை என்றால் திரைப்பிடிப்புகளும் (ஸ்க்ரீன்ஷாட்) வேண்டும். ‘கேஸ்கேட்’ என்ற ஒற்றைச் சொல் எக்செல் கட்டத்தில் தனியாக நின்றால், அது பொத்தானா, தலைப்பா, பிழைச் செய்தியின் துண்டா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு கேள்வி பலருக்கு மறந்துபோகும்: படிக்கப்போவது தமிழ்நாட்டு வாசகரா, இலங்கை வாசகரா? பாசனம் தொடர்பான கோப்பில் இதைக் கேட்காமல் ஒரு பக்கம்கூட நகர முடியாது. ஐந்தாவது படியில் காரணம் தெரியும்.

2. சொல் எத்தனை இடத்தில், எந்த வடிவில் வருகிறது என்று எண்ணுங்கள்

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் கோப்பு முழுவதையும் தேடுங்கள். பெயர்ச்சொல், வினைச்சொல், இறந்தகாலம், ‘இங்’ வடிவம் என்று நான்கையும் தேட வேண்டும். கிடைத்த வரிகளை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே கோப்பில் சொல் இரண்டு மூன்று பொருளில் வருவது கண்ணில் படும். நீர்மின் திட்ட அறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ஆற்றின் அருவி, நடுவில் அடுத்தடுத்த மின்நிலையங்கள், பின்னிணைப்பில் மின்தடை பரவிய விதம், மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான் இருக்கும்.

3. தண்ணீர் அங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். அருவியின் ஏதோ ஒரு குணத்தைத்தான் ஆங்கிலக்காரர் இரவல் எடுத்திருக்கிறார். அது எந்தக் குணம் என்று கண்டுபிடித்தால் தமிழ்ச் சொல் தானாக வந்து நிற்கும்.

மேலிருந்து கீழே கை மாறுகிறதா? அப்படியானால் ‘படிப்படியாக’, ‘படிநிலை’. ஒன்று விழுந்ததால் அடுத்ததும் விழுகிறதா? ‘ஒன்றன்பின் ஒன்றாக’, ‘தொடர் சரிவு’. போகப்போகப் பெருகுகிறதா? ‘பெருகும் தொடர்’. ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா? ‘மேலடுக்கு’, ‘மேல்மேலாக’. வெறுமனே அழகாக வழிகிறதா? ‘அருவியாக’, ‘வழிந்த’, ‘புரண்ட’.

‘தொடர்வினை’ என்ற சொல்லை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். அணு இயற்பியலில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

4. உண்மையான அருவி என்றால்

பொது எழுத்தில் ‘அருவி’ என்றே எழுதுங்கள். ‘நீர்வீழ்ச்சி’ ஆங்கிலச் சொல்லை உடைத்துச் செய்தது. வழக்கில் நிலைத்துவிட்டது, பிழையில்லை. ஆனால் குற்றாலத்தில் யாரும் ‘ஐந்து நீர்வீழ்ச்சி’க்குப் போவதில்லை, ஐந்தருவிக்குத்தான் போகிறார்கள். பேரருவி, சிற்றருவி, தேனருவி, புலியருவி என்று ஊர்ப்பெயர்களும் அப்படித்தான் இருக்கின்றன.

கேஸ்கேட் என்பது நேராக ஒரே வீச்சில் விழும் அருவி அல்ல, படியில் இறங்குவது. மூலத்தில் அந்த வேறுபாடு முக்கியம் என்றால் ‘படியருவி’ அல்லது ‘படிப்படியாக இறங்கும் அருவி’ என்று எழுதலாம். குற்றாலம் பேரருவியில் நீர் நடுவே பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அதன் பிறகே கீழே குளிப்பவர் தலையில் விழுகிறது. அந்த இடைநிறுத்தம்தான் கேஸ்கேட்டின் அடையாளம். அந்தப் பள்ளம் இருப்பதால்தான் நீரின் வேகம் உடைந்து மனிதர் நின்று குளிக்கும் அளவுக்குத் தணிகிறது.

இடப்பெயர்களை மொழிபெயர்க்கும் முன், உள்ளூரில் தமிழ்ப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்பாக, ஏரியின் உபரிநீர் சுமார் 180 அடி விழும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘சில்வர் கேஸ்கேட்’ என்று பெயர். தமிழில் வெள்ளி அருவி, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று இரண்டும் வழங்குகின்றன. ஒன்றைத் தேர்ந்து கோப்பு முழுவதும் அதையே வையுங்கள். வட அமெரிக்காவின் மேற்கே உள்ள எரிமலைத் தொடரை மட்டும் ‘கேஸ்கேட் மலைத்தொடர்’ என்றே விடுங்கள். அதை ‘அருவி மலைத்தொடர்’ ஆக்கினால் தேடிப்பார்க்கும் மாணவருக்கு எதுவும் கிடைக்காது.

5. ஏரி, குளம், கண்மாய்: அதிகம் தவறு நடக்கும் இடம்

பாசன அறிக்கைகளில் ‘டேங்க் கேஸ்கேட்’ என்ற தொடர் அடிக்கடி வரும். மேல் ஏரி நிரம்பியதும் மிஞ்சிய நீர் ஓடை வழியாகக் கீழ் ஏரிக்குப் போகிறது. அது நிரம்பியதும் அடுத்ததற்கு. மேலே உள்ள வயலில் பாய்ந்து வடியும் நீரும் கீழே உள்ள குளத்தில்தான் சேரும். இதற்குத் தமிழில் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். ‘தொடர் ஏரிகள்’, ‘சங்கிலித் தொடர் கண்மாய்கள்’ என்று நம்மிடம் வழக்கு இருக்கிறது. ‘குள அருவி’, ‘தொட்டி அடுக்கு’ போன்றவை பெரும்பிழை. ‘டேங்க்’கைத் தொட்டி ஆக்குவதுதான் இந்தத் துறையில் புதியவர் செய்யும் முதல் தவறு.

அடுத்த சிக்கல் வட்டார வழக்கு. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஏரி. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய். திருநெல்வேலியிலும் இலங்கையிலும் குளம். மிஞ்சிய நீர் வெளியேறுவதற்கும் ஊருக்கு ஊர் சொல் மாறுகிறது. வடக்கே ‘ஏரி கோடி போகிறது’ என்பார்கள். தெற்கே ‘மறுகால் பாய்கிறது’ அல்லது ‘கலுங்கு பாய்கிறது’. இலங்கையில் ‘குளம் வான் பாய்கிறது’. நீர் திறக்கும் வாய் இங்கே மடை அல்லது மதகு, அங்கே துருசு.

‘வான் பாய்கிறது’ என்று சென்னை வாசகருக்கு எழுதினால் அவர் வானத்தைப் பார்ப்பார். ‘கோடி போகிறது’ என்று கிளிநொச்சி விவசாயிக்குக் கொடுக்கும் வெள்ள எச்சரிக்கைத் துண்டறிக்கையில் எழுதினால் எச்சரிக்கை அவரைச் சென்று சேராது. இது அழகு பற்றிய விவாதம் அல்ல. கீழ்க்குளத்துக் கரையில் வீடு உள்ளவருக்கு ‘மேல்குளம் நிரம்பி வழிகிறது, அடுத்து உங்கள் குளம்’ என்ற செய்தி அவருடைய சொல்லில் போக வேண்டும்.

இலங்கையின் வறண்ட வலயத் தொடர்குளங்களைப் பற்றிய கோப்பு என்றால் ‘எல்லங்காவ’ என்ற சிங்களச் சொல்லும் வரும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2017இல் இந்த முறையை வேளாண் மரபுச் சிறப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அதனால் அறிக்கைகளில் அது அதிகம் தென்படுகிறது. முதல்முறை ‘எல்லங்காவ எனப்படும் தொடர்குளங்கள்’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘தொடர்குளங்கள்’ என்று போங்கள்.

மின்திட்டங்களில் இதே சொல் வரும்போது பொருள் சற்று மாறும். மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை மின்நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் மின்சாரம் எடுத்து விட்ட நீரே அடுத்ததற்கும் போகிறது. இங்கே ‘அடுத்தடுத்த மின்நிலையங்கள்’ அல்லது ‘தொடர் மின்நிலையங்கள்’ போதும். ‘கதவணை’ என்ற சொல்லை மறக்காதீர்கள், ‘தடுப்பணை’ வேறு.

6. அரசுத் தாள்கள், வரி, மின்தடை, மருத்துவம்

வரியில் வரும் ‘கேஸ்கேடிங் எஃபெக்ட்’டுக்கு ‘வரிக்கு மேல் வரி’ என்பதைவிட நல்ல தமிழ் கிடையாது. 100 ரூபாய்ப் பொருளுக்கு 10 விழுக்காடு வரி போட்டால் 110. அந்த 110க்கு மேல் இன்னொரு 10 விழுக்காடு போட்டால் 121. இரண்டு வரியும் 100க்கே போட்டிருந்தால் 120தான். மிச்சமுள்ள ஒரு ரூபாய்தான் வரிக்கு விழுந்த வரி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் இது ஒன்று. ஆகவே ஜிஎஸ்டி பற்றிய விளக்கக் கோப்புகளில் இந்தத் தொடரை எதிர்பாருங்கள்.

பயிற்சிச் சுற்றறிக்கைகளில் ‘கேஸ்கேட் மாடல்’ என்றால், மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்தினருக்கும், அவர்கள் வட்டாரத்தினருக்கும், அவர்கள் பள்ளி ஆசிரியருக்கும் சொல்லித் தருவது. ‘படிநிலைப் பயிற்சி’ என்று எழுதலாம். பயிற்சி தருபவர் தமிழ்நாட்டுக் கல்வித்துறை வழக்கில் ‘கருத்தாளர்’. ‘வள நபர்’ என்று எழுதினால் வெளியாள் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.

மின்தொகுப்பு முறிவில் கேட்க வேண்டிய கேள்வி: எது எதைத் தள்ளியது? 2012 ஜூலை 30 அன்று பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டதும் அதன் சுமை மற்றத் தடங்கள்மேல் ஏறியது. தாங்க முடியாமல் அவையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டு வடக்குத் தொகுப்பே இருண்டது. ‘ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிப்பு’ அல்லது ‘தொடர் துண்டிப்பு’ சரி. ‘அடுக்கு மின்தடை’ சரியில்லை. இங்கே எதுவும் அடுக்கப்படவில்லை.

மருத்துவத்தில் இரத்த உறைவு. 1964இல் வெளிவந்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று இதைக் கேஸ்கேட் என்றது, மற்றது வாட்டர்ஃபால் என்றது, இரண்டும் ஒன்றேதான். முன்னது நிலைத்துவிட்டது. பாடநூலுக்கு ‘உறைதல் படித்தொடர்’ என்று எழுதி, உடனே ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் கலைச்சொல்லே வேண்டாம். ‘இரத்தத்தில் உள்ள ஒரு பொருள் அடுத்ததைத் தூண்டும், அது இன்னும் அதிகமாக அடுத்ததைத் தூண்டும், கடைசியில் மெல்லிய இழைகள் பின்னி இரத்தம் உறையும். நீங்கள் சாப்பிடும் மருந்து நடுவில் ஒரு படியைத் தடுக்கிறது’ என்றால் எழுபது வயதுப் பாட்டிக்கும் விளங்கும்.

7. கணினிக் கோப்புகள்

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் (கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ்) என்ற பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். வேலை செய்பவர் எல்லோரும் சிஎஸ்எஸ் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே ‘கேஸ்கேட்’ என்ற கருத்தை விளக்க நேர்ந்தால், ஒரே பத்திக்கு இரண்டு விதிகள் இரண்டு நிறம் சொல்லும்போது எது வெல்லும் என்று தீர்மானிக்கும் முறை என்று எழுதுங்கள். விதி எங்கிருந்து வந்தது, முக்கியம் என்ற குறி இருக்கிறதா, எது குறிப்பாகச் சுட்டுகிறது, எல்லாம் சமமானால் எது கடைசியில் எழுதப்பட்டது என்று பார்க்கப்படும். ஆகவே இங்கே ‘முன்னுரிமை வரிசை’ பொருந்தும்.

தரவுத்தளத்தில் ‘கேஸ்கேட் டிலீட்’ வந்தால் மிகவும் கவனம் தேவை. தாய்ப் பதிவை அழித்தால் அதைச் சார்ந்த பதிவுகளும் அழியும் என்பது பொருள். எச்சரிக்கைச் செய்தியை ‘அடுக்கு நீக்கம் செய்யவா?’ என்று எழுதினால் பயனர் புரியாமல் ‘ஆம்’ அழுத்துவார். ஒரு வாடிக்கையாளரின் ஐந்து வருட பில்கள் போய்விடும். ‘இந்த வாடிக்கையாளரை நீக்கினால் அவருடைய எல்லா பில்களும் சேர்ந்து அழிந்துவிடும்’ என்று முழுசாக எழுதுங்கள். பொத்தானுக்கு ‘சேர்த்து அழி’ போதும். சாளரங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்று விலக்கி வைக்கும் கட்டளைக்கு ‘படிவரிசையில் அடுக்கு’.

எழுத்து வரம்பு கேட்டுக்கொள்ளுங்கள். ‘அருவி’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி. ‘சேர்த்து’ நமக்கு நான்கு, கணினிக்கு எட்டு. வரம்பு 10 என்றால் எதை எண்ணுகிறார்கள் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள்.

8. கதை, விளம்பரம், பயண எழுத்து

இங்கே மொழிபெயர்க்காமல் தமிழில் எழுதுங்கள். கூந்தல் ‘அருவியாக வழிந்தது’, சுருள்முடி என்றால் ‘தோளில் புரண்டது’. கண்ணீர் ‘தாரை தாரையாக’ அல்லது ‘பொலபொலவென’. பேச்சு ‘மடை திறந்தாற்போல’. துன்பங்கள் ‘அடுக்கடுக்காக’. பங்குவிலை ‘மளமளவெனச் சரிந்தது’. சுவரேறிய பூங்கொடி ‘கொத்துக் கொத்தாகத் தொங்கியது’. இரட்டைக்கிளவி இருக்கும் மொழியில் எழுதுகிறோம். அதைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம்.

9. பக்கத்து வீட்டுச் சொற்கள்

கேட்டராக்ட்: கண் மருத்துவத்தில் கண்புரை, வேறெதுவும் இல்லை. தானியங்கி மொழிபெயர்ப்பு இதைப் பெருவீழ்ச்சி ஆக்கினால் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான். நைல் நதியில் அஸ்வானுக்கும் கார்ட்டூமுக்கும் இடையே உள்ள ஆறு கேட்டராக்ட்களும் அருவிகள் அல்ல. நதி பாறைகளுக்கிடையே நுரைத்து இரைந்து ஓடும் இடங்கள். படகு போக முடியாத பாறை நீரோட்டம் என்று விளக்குங்கள்.

வாட்டர்ஃபால்: மென்பொருள் திட்டத்தில் ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்ற முறை. ‘அருவி முறை’ என்று எழுதி ஒருமுறை விளக்கலாம். திவால் சட்டத்தில் வந்தால் அருவியை மறந்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் விற்றுவந்த பணம் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்ற வரிசை இருக்கிறது. அது ‘பங்கீட்டு முன்னுரிமை வரிசை’. சம்பள பாக்கிக்காகக் காத்திருக்கும் தொழிலாளி படிக்கும் தாளில் உவமை வேண்டாம்.

10. நேரமும் பணமும்

தொழில்நுட்பக் கோப்பில் ஒரு நாளைக்கு 2000 சொல்லுக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். 12,000 சொல் வேலை என்றால் ஆறு நாள் எழுத, அரை நாள் சொற்களை முடிவு செய்ய, ஒரு நாள் திருத்த. ஏழரை நாள் ஆகிறது, எட்டு நாள் கேளுங்கள். சொல் முடிவுக்கான அரை நாளை விட்டுக்கொடுத்தால், கடைசியில் மாற்றும்போது அது இரண்டு நாளாகும். காரணம், தமிழில் ஒரு சொல்லை மாற்றினால் அதன் வேற்றுமை உருபும் பின்னால் வரும் வல்லின ஒற்றும் மாறும். ‘அருவியை’ இருந்த இடத்தில் ‘தொடரை’ என்று இயந்திரம் மாற்றாது. வெறும் ‘தேடி மாற்று’ போட்டால் ‘தொடர்யை’ என்றுதான் நிற்கும்.

அடுத்த பொறி, திரும்பவரும் வரிகளுக்கான தள்ளுபடி. மொழிபெயர்ப்பு நினைவகக் கருவி, ஒரு ஆங்கில வரியை ஒருமுறை எழுதியதும் அதே வரி வரும் இடமெல்லாம் தானாக நிரப்பும். அதற்காக அந்த வரிகளுக்குக் குறைந்த கூலி என்பார்கள். எடுத்துக்காட்டுக்குச் சொல்லுக்கு 1 ரூபாய் 50 காசு என்று வையுங்கள். 3000 சொல் திரும்பவரும் வரிகள் என்றால் முழுக்கூலி 4500. 30 விழுக்காடு மட்டுமே தருவேன் என்றால் 1350. ஆனால் ‘கேஸ்கேட்’ என்ற வரி ஒரு இடத்தில் பொத்தான், இன்னொரு இடத்தில் தலைப்பு என்றால் ஒவ்வொன்றையும் திறந்துபார்க்காமல் விட முடியாது. மாதிரிக்கு ஐந்து வரிகளைக் காட்டி, பார்த்துத் திருத்தும் வேலைக்குப் பாதிக் கூலியாவது பணி ஆணையில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. தானாக நிரப்பும் வசதியை இப்படிப்பட்ட ஒற்றைச்சொல் வரிகளுக்கு அணைத்துவிடுங்கள்.

11. ஒப்படைக்கும் முன்

சொல்லை உறுதிசெய்ய முதலில் வாடிக்கையாளரின் பட்டியல்; அதில் இல்லையென்றால் தமிழ்நாட்டுக்கு அரசின் சொற்குவை என்ற கலைச்சொல் தளமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொற்களும், இலங்கைக்கு அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும். அங்கே கிடைத்த சொல் வாக்கியத்தில் உட்காரவில்லை என்றால், வாக்கியத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். பொருந்தாத சொல் வாயில் தடுக்கும்.

கேள்வித்தாளை வேலை தொடங்கிய இரண்டாம் நாளுக்குள் அனுப்புங்கள். கடைசி நாளில் போனால் பதில் வராது. ஒவ்வொரு கேள்வியிலும் வரி எண், ஆங்கில வாக்கியம், நீங்கள் நினைக்கும் பொருள், உங்கள் தமிழ் என்று நான்கு கட்டம் இருக்கட்டும். ‘இதற்கு என்ன பொருள்?’ என்று மட்டும் கேட்டால் அங்கிருப்பவர் ஆங்கில அகராதியையே திருப்பி அனுப்புவார். ‘மேல் ஏரி நிரம்பிக் கீழ் ஏரிக்கு நீர் போவதைச் சொல்கிறீர்களா, அல்லது கரை உடைந்து அடுத்தடுத்த கரைகளும் உடைவதைச் சொல்கிறீர்களா?’ என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வரும். இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழில் முன்னது மறுகால், பின்னது உடைப்பு.

முடித்த கோப்போடு, தேர்ந்த சொற்கள் அடங்கிய ஒரு பக்கப் பட்டியலை இணைத்து, பணிக்கூலிச் சீட்டையும் அதே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.